வாசலில் ஒரு கணவன்

ஷூவுக்குள் சிலந்தி வலை கட்டியிருந்தது. அதை முதலில் பார்த்தது ஓனரம்மா.

"இங்க வாம்மா. இது என்ன?"

வேலை முடிந்து படியேறி வந்தவள் சாவியைக் கையில் பிடித்தபடியே குனிந்து பார்த்தாள். அவள் வீட்டு வாசலில் எப்போதும் போல ஒரு ஜோடி ஆண்கள் ஷூ. கறுப்புத் தோல். இடது ஷூவுக்குள் ஒரு சிலந்தி, சொந்த வீடு கட்டியவனின் நிம்மதியோடு நடுவில் உட்கார்ந்திருந்தது.

"சிலந்திங்க."

"அது சிலந்தின்னு எனக்குத் தெரியாதா? உன் வீட்டுக்காரர் கால் வைக்கிற எடத்துல அதுக்கு என்ன வேலைன்னு கேக்கறேன். நீ குடிவந்ததுலேர்ந்து பாக்கறேன், இந்த ஷூ வச்சது வச்சபடி இருக்கு. உன் வீட்டுக்காரர் என்ன, பறந்து வந்து பறந்து போறாரா?"

"அவருக்கு வேலை அப்படிங்க. லேட்டா வருவாரு. விடியறதுக்குள்ள எழுந்து வாக்கிங் போயிட்டு வந்து, மறுபடி வேலைக்குக் கிளம்பிடுவாரு. இது வாக்கிங் ஷூ."

"தோல் ஷூ போட்டுக்கிட்டா வாக்கிங் போறாரு?"

"அவருக்கு அதான் பிடிக்கும்."

"என் ரூமு இந்தப் படிக்குக் கீழதான் இருக்கு. எலி எறங்கினாக்கூட எனக்குக் கேக்கும். கோழிக்கு முன்னாடி எழுந்திரிக்கிறவ நான். ஒரு நாளும் ஒரு சத்தமும் கேட்டதில்லையே?"

"மெதுவா நடப்பாரு."

"சரி. நாளைக்குக் காதத் தீட்டி வச்சுக்கிட்டுப் படுக்கறேன். இதோ பாரும்மா, தனியா இருக்கிற பொண்ணுக்கு நான் வீடு குடுக்கறதில்ல. நீ பொய் சொல்லி உள்ள வந்திருக்கன்னு தெரிஞ்சுது, அன்னிக்கே பெட்டிய வெளிய வச்சிடுவேன்."

அந்த நேரம் பார்த்து எதிர்வீட்டுக் கறிக்கடைக்காரர் படியேறி வந்தார். கழுவிய ரப்பர் பூட்ஸ் ஒரு கையில். வெறுங்கால். ஓனரம்மா மூக்கைப் பிடித்துக்கொண்டாள். சாவியோடு நின்றவள் சுவரோடு சுவராக ஒதுங்கினாள். அவர் இருவரையும் பார்க்கவில்லை. ஷூவை மட்டும் ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தன் கதவைத் திறந்து உள்ளே போனார்.

அவரும் தனியாகத்தான் இருக்கிறார். அவருக்கு மட்டும் வீடு கொடுத்தீர்களே என்று கேட்க அவளுக்கு நாக்கு துடித்தது. ஆனால் அவள் நாக்கு துடிப்பதோடு நிற்கும் வகை.

கணவன் என்று ஒருவன் கிடையாது. அவள் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை செய்கிறாள். வீடு கிடைக்காமல் அலைந்தபோது அங்கிருந்த சீனியர்தான் யோசனை சொன்னாள். "ஒரு ஜோடி ஆம்பள ஷூ வாங்கி வாசல்ல போடுடி. நாய் வளக்கறத விடச் சுலபம். சாப்பாடு போட வேண்டாம், குரைக்கவும் செய்யாது."

கடையில் "சாருக்கு என்ன சைஸ் மேடம்?" என்று கேட்டார்கள். அதை அவள் யோசித்திருக்கவில்லை. கண்ணை மூடி ஒரு ஆளைக் கற்பனை செய்து பார்த்தாள். கற்பனையில்கூட அவளுக்குப் பெரிய ஆள் வேண்டியிருக்கவில்லை. அதிகம் இடம் அடைக்காதவனாக, சத்தம் போடாதவனாக, கதவோரமாக நிற்பவனாக ஒருவன். "ஏழு," என்றாள்.

ஷூ நன்றாகவே வேலை செய்தது. பக்கத்தில் யாரும் வரவில்லை. கதவைத் தட்டவில்லை. பேச்சுக் கொடுக்கவில்லை. அவளுக்கும் அதுதான் வேண்டியிருந்தது, அல்லது அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். விடுமுறை நாட்களில் வாயைத் திறக்காமலே பொழுது சாய்ந்துவிடும். அப்போது தன் குரல் இன்னும் இருக்கிறதா என்று பார்க்க, குழாயைப் பார்த்து "தண்ணி வருதா?" என்று கேட்பாள்.

இப்போது சிலந்தி வந்து கெடுத்தது.

யோசித்ததில் வழி ஒன்றுதான் தெரிந்தது. தானே அந்த ஷூவை மாட்டிக்கொண்டு விடியற்காலையில் இறங்கி ஏற வேண்டும். லேபிலிருந்து பஞ்சு கொண்டுவந்து காலுறைக்குள் அடைத்துக்கொண்டாள். விடிவதற்கு வெகு முன்பே எழுந்து, பஞ்சுக் கால்களோடு கரடிக்குட்டி போலக் கதவுக்குப் பின்னால் நின்று தாழ்ப்பாளில் கை வைத்தாள்.

வெளியே சத்தம் கேட்டது.

டக். டக். டக்.

தோல் ஷூவின் குதி படியில் இறங்கும் சத்தம்.

தாழ்ப்பாள் கையில் இருந்தது. இழுத்தால் போதும், யாரென்று தெரிந்துவிடும். இழுக்கவில்லை. வெளியே யாராவது இருந்துவிடுவார்களோ என்று ஒரு பயம். யாருமே இல்லாமல் போய்விடுமோ என்று அதைவிடப் பெரிய ஒரு பயம்.

கொஞ்ச நேரத்தில் சத்தம் மேலே ஏறி வந்தது. வாசலில் நின்றது. பிறகு ஒன்றுமில்லை.

வெளிச்சம் வந்த பிறகு கதவைத் திறந்தாள். ஷூ இருந்த இடத்தில் இருந்தது. அடியில் ஈர மண். சிலந்தியைக் காணவில்லை. குனிந்து உள்ளே கையை விட்டாள்.

சூடாக இருந்தது.

அவள் அறிவியல் படித்தவள். ஷூ தானாக நடக்காது, சூடு தானாக வராது. ஆகவே ஒரு ஆள். ஆனால் அந்த ஆளைப் பற்றி யாரிடம் போய்ச் சொல்வது? 'இல்லாத என் கணவரின் ஷூவை யாரோ மாட்டிக்கொண்டு போகிறார்கள்' என்று புகார் கொடுக்க முடியுமா? திருடனுக்குத் தேள் கொட்டின கதைதான்.

வேலைக்கு இறங்கும்போது கீழே ஓனரம்மா காத்திருந்தாள்.

"கேட்டுதும்மா," என்றாள் குரலை இறக்கி. "என்ன நடை! பொறுமையா, படி நோகாம எறங்கறாரு. நீயும்தான் எறங்கறியே, உருளைக்கிழங்கு மூட்டைய உருட்டி விட்ட மாதிரி."

அன்றிலிருந்து தினமும் விடியற்காலையில் அந்த நடை கேட்டது.

கண்டுபிடிக்காமல் விடுவதில்லை என்று முதலில் தீவிரமாகத்தான் இருந்தாள். வாசலில் முகப் பவுடரை மெல்லியதாகத் தூவி வைத்தாள். கால் தடம் விழும், அது எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்துவிடலாம். காலையில் கதவைத் திறந்தால் தரை பளிங்கு போல இருந்தது. படி பெருக்கும் அக்கா வாளியோடு நின்றுகொண்டிருந்தாள்.

"வாசல்ல பவுடரக் கொட்டி வச்சிருக்கீங்களேம்மா. காலு வச்சா வழுக்காது? தொடச்சிட்டேன்."

"ஏதாவது தடம் இருந்துச்சாக்கா?"

"நான் தொடைக்கறவம்மா. பாக்கறவ இல்ல."

பிறகு சந்தேகத்துக்குரியவர்களை ஒவ்வொருவராக எடுத்துக்கொண்டாள். ஓனரம்மாவின் கணவர் இரண்டு படி ஏறினால் மூன்று படிக்கு உட்காருகிறவர், அவரில்லை. நடு மாடியில் பூட்டுத் தொங்குகிறது. மிச்சம் எதிர்வீடு. ஒரு நாள் கறிக்கடைக்காரரின் ரப்பர் பூட்ஸ் வெளியே காய்ந்துகொண்டிருந்தபோது, அதன் பக்கத்தில் தன் ஷூவைப் பிடித்துப் பார்த்தாள். படகுக்குப் பக்கத்தில் காகிதக் கப்பல் போல இருந்தது. அந்தக் கால் இதற்குள் போகவே போகாது. அளவு பார்த்தாகிவிட்டது, சந்தேகம் தீர்ந்தது. அவர் பெயரையும் அடித்தாள்.

அடித்ததில் அவளுக்கு நிம்மதி. அந்த மனுஷராக மட்டும் இருக்கக் கூடாது என்றுதான் நினைத்திருந்தாள். நிலை உயரத்துக்கு ஆள். புருவத்தில் வெட்டுத் தழும்பு. மாலையில் வரும்போது சட்டையில் ரத்தத் திட்டு. ரத்தம் அவளுக்குப் புதிதில்லை, நாள் முழுக்க அதோடுதான் புழங்குகிறாள். ஆனால் அவள் பார்க்கும் ரத்தம் மூடி போட்ட குழாயில் இருக்கும். பெயர் எழுதி ஒட்டியிருக்கும். சட்டையில் தெறித்திருக்காது.

போதாததற்கு, சில நாளில் அவர் நொண்டவும் ஆரம்பித்தார்.

"வெட்டுக்குத்தா இருக்கும்," என்றாள் சீனியர், டப்பாவைத் திறந்து சாப்பிட்டுக்கொண்டே. "அந்தத் தொழில்ல கத்தி கையிலயே இருக்கும். கோவம் மூக்குல இருக்கும். நீ கதவ நல்லாச் சாத்திக்கோ."

அவள் ஏற்கெனவே நன்றாகத்தான் சாத்தியிருந்தாள்.

ஆனால் விடியற்காலை நடை வேறு விஷயமாகிவிட்டது. அதைக் கேட்காமல் அவளால் எழுந்திருக்க முடியவில்லை. சீரான நடையில்லை அது. ஒரு கால் அழுத்தி, ஒரு கால் தயங்கி. யோசனைக்காரனின் நடை என்று முடிவு செய்தாள். ஒவ்வொரு படியிலும் எதையோ நினைத்து, நினைத்து இறங்குகிறவன். அவன் திரும்பி வரும்வரை பாத்திரம்கூடத் தட்டாமல் இருப்பாள். ஏறி வரும் சத்தம் கேட்டால் மனசுக்குள் யாரோ விளக்கைப் போட்டது போல இருக்கும். ஷூவின் மூக்கு எப்போதும் வீட்டைப் பார்த்தபடி இருக்கும். வீடு திரும்பியவன் கழற்றி வைத்தது போல. வாசல்வரை வருகிறான். உள்ளே வருவதில்லை. அவள் கதவுக்கு இந்தப் பக்கம், கையைக் கட்டிக்கொண்டு நிற்பாள்.

ஒரு நாள் பாலிஷ் போட்டு வைத்தாள். மறுநாள் லேஸ் புதிதாக மாற்றினாள். இன்னொரு நாள், யாரும் பக்கத்தில் இல்லையென்று பார்த்துவிட்டு, ஷூவிடம் மெதுவாக, "போயிட்டு வந்தாச்சா?" என்று கேட்டாள். கேட்ட பிறகு காது வரை சிவந்துபோய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஷூ நாளுக்கு நாள் கொஞ்சம் அகலமாகிக்கொண்டு வந்தது. ஓரங்கள் புடைத்தன. தோல் என்றால் அப்படித்தான் இளகும் என்று நினைத்துக்கொண்டாள். கல்யாணமான ஆண்கள் பருப்பது வழக்கம்தானே.

இதற்கிடையில் இல்லாத கணவனின் புகழ் கட்டடம் முழுக்கப் பரவியது.

"படி பல்பு போயி எத்தன நாளாச்சு! என் வீட்டு மனுஷன்கிட்ட சொல்லிச் சொல்லி வாய் வலிச்சுது. உன் வீட்டுக்காரர் போற போக்குல மாட்டிட்டுப் போயிட்டாரு," என்றாள் ஓனரம்மா.

"அவரா?"

"பின்ன யாரு? காலைல அந்த நேரத்துக்கு வேற யாரு நடமாடறா? தண்ணி மோட்டாரும் அவருதான் போட்டு விடறாரு. நான் எழுந்து வரதுக்குள்ள டேங்க் ரொம்பி வழியுது. ஒரு வார்த்த சொல்லிக்கறாரா பாரு! நெறகுடம்மா அவரு. கோவிச்சுக்காத, உனக்கு அவரு கொஞ்சம் அதிகம்தான்."

அவளுக்குக் கோபம் வரவில்லை. பொறாமைதான் வந்தது. தான் பெற்ற கணவன் தன்னைவிட நல்ல பெயர் எடுத்துக்கொண்டிருக்கிறான். தன்னிடம் மட்டும் முகம் காட்டுவதில்லை.

"காபிக்கு ஒரு நாள் கூட்டிட்டு வாயேன். இப்படி ஒரு மனுஷன நான் கண்ணால பாக்க வேண்டாமா?"

"கூச்ச சுபாவங்க."

"நீயும் கூச்சம், அவரும் கூச்சம். ரெண்டு பேரும் எப்படித்தான் கல்யாணம் பேசி முடிச்சீங்களோ!"

அவளுக்கும் அதுதான் தெரியவில்லை.

மழை பிடித்துக்கொண்ட வாரத்தில், பாவம், ஈரத்தில் அவனுக்குக் கால் சில்லிட்டுப் போகுமே என்று தோன்றியது. மருந்துக்கடையில் ஷூவுக்குள் போடும் ஸ்பாஞ்சு மெத்தை விற்றார்கள். இருப்பதிலேயே தடிமனானதாகப் பார்த்து வாங்கி இரண்டு ஷூவுக்குள்ளும் அழுத்தி ஒட்டினாள். யாருக்கோ எதையோ செய்துவிட்ட சந்தோஷத்தில் அன்றைக்கு நன்றாகத் தூங்கினாள்.

மறுநாள் அந்த நடை இன்னும் மெதுவாக, இன்னும் யோசனையோடு இறங்கியது. ஒவ்வொரு படிக்கும் நடுவில் ஒரு யுகம் போயிற்று. மெத்தையை ரசித்து நடக்கிறான் என்று எண்ணிக்கொண்டாள்.

அந்த வாரக் கடைசியில் கறிக்கடைக்காரர் லேபுக்கே வந்து நின்றார்.

வாசலை அடைத்துக்கொண்டு நின்றார் என்று சொல்ல வேண்டும். காத்திருந்தவர்கள் ஒரு இருக்கை தள்ளி உட்கார்ந்தார்கள். டாக்டர் எழுதின சீட்டைச் சீனியர் படித்துவிட்டு, "சுகர் டெஸ்ட். குதிகால்ல புண்ணு, ஆறலயாம். நீயே எடுத்துடும்மா, உன் எதிர்வீடுதானே," என்று சொல்லிவிட்டு உள்ளே மறைந்தாள்.

அவர் நாற்காலியில் உட்கார்ந்து சட்டைக் கையை மடித்தார். அவள் ரப்பர் பட்டையைக் கட்டினாள். ஊசியின் மூடியைக் கழற்றியபோது நாற்காலி கிறீச்சிட்டது. நிமிர்ந்து பார்த்தாள். அவ்வளவு பெரிய மனிதர் பின்னால் பின்னால் நகர்ந்து சுவரை முட்டியிருந்தார். முகம் வெளுத்து, நெற்றியில் முத்து முத்தாக வேர்வை.

"என்னங்க?"

"ஒண்ணுமில்ல சிஸ்டர். ஊசின்னா கொஞ்சம்..."

"கறி வெட்டறவருக்கு ஊசி பயமா?"

"வெட்டறது வேற, குத்து வாங்கறது வேற இல்லீங்களா."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தன் சிரிப்புச் சத்தம் கேட்டு அவளே திடுக்கிட்டாள். வெகு நாளாயிற்று அதைக் கேட்டு.

"அந்தச் செவத்தையே பாருங்க. ஏதாவது பேசிக்கிட்டே இருங்க. புருவத்துல என்ன தழும்பு?"

"சின்ன வயசுல ஊஞ்சல்லேர்ந்து விழுந்தேன்."

"வெட்டுக்குத்து இல்லையா?"

"ஐயோ, யாருங்க சொன்னது?"

"யாரும் சொல்லல." அவள் குனிந்துகொண்டாள். "முடிஞ்சுது. பஞ்ச அழுத்திப் பிடிங்க."

"முடிஞ்சுதா?" நம்ப முடியாமல் கையைப் பார்த்தார். "உங்க வீட்டுக்காரர் குடுத்து வச்சவரு சிஸ்டர்."

"ஏன்?"

"வலிக்காமக் குத்தறீங்களே."

அவள் குழாயில் பெயரை எழுதினாள். எழுத்து கொஞ்சம் கோணியது. "சிஸ்டர்னு கூப்பிடாதீங்க," என்றாள், குழாயைப் பார்த்தே.

"வேற எப்படிக் கூப்பிட?"

அவள் குழாயைத் தாங்கியில் வைத்தாள்.

சர்க்கரை சரியாகத்தான் இருந்தது. மாலையில் முடிவை வாங்க வந்தபோது அவளே சொன்னாள். "உங்களுக்கு ஒரு நோயும் இல்ல. புண்ணு ஏன் ஆறமாட்டேங்குதுன்னுதான் தெரியல. கொஞ்ச நாள் நடக்காம இருங்க."

"தொழில விட்டுட்டு உக்கார முடியுங்களா?" என்று சிரித்தார். அவள் தந்த பிளாஸ்திரியைச் சட்டைப்பையில் பத்திரமாக வைத்துக்கொண்டு நொண்டி நொண்டிப் போனார். ஜன்னலில் நின்று தெருமுனை வரை பார்த்தாள். இவ்வளவு சாதுவான முதுகை இத்தனை நாள் எப்படிப் பார்க்காமல் விட்டோம் என்றிருந்தது.

அதற்குப் பிறகு படியில் எதிர்ப்பட்டால் அவள் சுவரோடு ஒட்டுவதில்லை. "கால் எப்படி இருக்கு?" என்பாள். "பழகிடுச்சு," என்பார். அவ்வளவுதான். அவ்வளவையும் லேப் நேரமெல்லாம் அசைபோடுவாள். ஒரு நாள் துணிந்து, "காபி போடறேன், ஒரு வாய் குடிச்சிட்டுப் போங்களேன்," என்று கேட்டுவிட்டாள்.

அவர் வாசலில் இருந்த ஷூவைப் பார்த்தார். கீழே, படி வளைவில் ஓனரம்மாவின் கதவு திறந்திருந்ததையும் பார்த்தார்.

"வேணாங்க. உங்க வீட்டுக்காரர் இல்லாதப்ப சரியா இருக்காது," என்று சற்று உரக்கவே சொல்லிவிட்டுத் தன் வீட்டுக்குள் போனார்.

கதவு சாத்திக்கொண்டது. அவள் ஷூவை முறைத்தாள். யாரும் உள்ளே வரக் கூடாது என்று வைத்த பூட்டு. இப்போது அவளே வெளியே போக முடியவில்லை, சாவியை வாங்க மறந்துபோனது போல. உள்ளே வராதவனுக்காகத் தினமும் கதவோரம் நிற்கிறாள். வரக்கூடியவரை அவன் வாசலிலேயே நின்று திருப்பி அனுப்புகிறான்.

"போதும்," என்றாள் ஷூவிடம். "நீ செஞ்சதெல்லாம் போதும்."

அன்று மாலை ஷூவை எடுத்து உள்ளே கொண்டுபோய்க் கட்டிலுக்கடியில் தள்ளினாள். ஓனரம்மாவிடம் கணவன் வெளியூர் வேலைக்குப் போய்விட்டான் என்று ஒரு பொய். கறிக்கடைக்காரரிடம், தைரியம் வரும் நாளில், உண்மை. காலி வாசலைப் பார்த்து அவராக ஏதாவது கேட்டாலும் கேட்கலாம். அப்படித்தான் கணக்குப் போட்டாள்.

விடியற்காலையில் வழக்கம் போல விழித்துக்கொண்டாள். நடை கேட்கவில்லை. கேட்காது என்று தெரியும். தெரிந்தும் காது படியிலேயே கிடந்தது. அந்த யோசனைக்காரன் வாசல் வரை வந்து, ஷூவைக் காணாமல் திரும்பிப் போயிருப்பான். இனி வரமாட்டான்.

அப்போதுதான் வெளியே கூச்சல் கிளம்பியது.

"திருடன்! திருடன்! எழுந்து வாங்க எல்லாரும்!"

கதவைத் திறந்தாள். ஓனரம்மா மூச்சு வாங்க நின்றுகொண்டிருந்தாள். அவள் காலடியில், தரையோடு தரையாக மண்டியிட்டு, செல்போன் டார்ச்சைப் பிடித்தபடி கறிக்கடைக்காரர். படி பெருக்கும் அக்கா துடைப்பத்தோடு பாதிப் படியில் நின்றிருந்தாள்.

"பாரும்மா இந்த அநியாயத்த! இன்னிக்கு நடச் சத்தமும் இல்ல, மோட்டாரும் ஓடல. உன் வீட்டுக்காரருக்கு உடம்பு கிடம்பு சரியில்லையோன்னு பதறிப்போயி ஏறி வந்தேன். வந்தா, இந்தாளு உன் வாசல்ல தவழ்ந்துகிட்டிருக்கான். ஷூவக் காணோம்!"

"நான் எதையும் எடுக்கலீங்க," என்றார் அவர் எழுந்து நின்று.

"பின்ன என்ன தேடின?"

அவர் வாயைத் திறந்தார். கதவில் நின்றவளைப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டார்.

"பேச்சு வரல பாத்தியா? திருட்டு முழி! கறிக்கடைக்கு வீடு குடுக்காதீங்கன்னு என் வீட்டு மனுஷன்கிட்ட அன்னிக்கே தலையால அடிச்சுக்கிட்டேன். தங்கமான மனுஷன், ஊருக்கே தண்ணி எறைச்சு விடறவரு, அவரு ஷூவத் திருட உனக்கு எப்படி மனசு வந்துச்சு? இன்னிக்கே காலி பண்ணு!"

"சரிங்க," என்றார் அவர்.

அவ்வளவுதான் சொன்னார். மறுத்துப் பேசவில்லை. கையைப் பிசையவில்லை. டார்ச்சை அணைத்துவிட்டு, நொண்டிக்கொண்டே தன் கதவை நோக்கித் திரும்பினார். அவள் அந்த முதுகையே பார்த்தாள். இவர் உள்ளே போய்விட்டால் மாலைக்குள் அந்தக் கதவில் பூட்டுத் தொங்கும். நாளை முதல் படியில் எந்தச் சத்தமும் இருக்காது.

நாக்கு துடித்தது. இந்தத் தடவை துடிப்பதோடு நிற்கவில்லை.

"ஷூ உள்ள இருக்கு," என்றாள். "நான்தான் எடுத்து வச்சேன்."

"நீயா? அப்போ உன் வீட்டுக்காரர் எங்க?"

"இல்ல."

"வெளிய போயிருக்காரா?"

"இல்லவே இல்ல. எப்பவுமே இல்ல. எனக்குக் கல்யாணமே ஆகல. வீடு கிடைக்கணும்னு ஷூ வாங்கி வச்சேன். பெட்டிய வெளிய வைக்கணும்னா என் பெட்டிய வைங்க. அவர ஒண்ணும் சொல்லாதீங்க."

சொல்லி முடித்ததும் நெஞ்சில், வெகு நாளாக அடைத்துக் கிடந்த ஏதோ ஒரு ஜன்னல் திறந்துகொண்டது போல இருந்தது.

ஓனரம்மா அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். கணவனை இழந்தவள் அவள்தானோ என்று தோன்றும்படி இருந்தது முகம்.

"இல்லையா?" என்றாள் ஈனமாக. "அப்போ தெனமும் காலைல எறங்கிப் போனது யாரு? மோட்டார் போட்டது யாரு? பல்பு மாட்டினது யாரு?"

"தெரியலீங்க. சத்தியமா எனக்குத் தெரியல. நானும் தினம் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன்."

கறிக்கடைக்காரர், ஊசிக்குப் பயந்து லேபில் பார்த்தாரே, அதே போல எதிர்ச் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றார். கழுத்து, காது எல்லாம் சிவந்திருந்தது.

படி பெருக்கும் அக்கா துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தாள்.

"அண்ணன் குதிகாலத் திருப்பிப் பாருங்க, யாருன்னு தெரியும். ரெண்டு சைஸ் சின்னதா ஷூ வாங்கினது பத்தாதுன்னு, அதுக்குள்ள மெத்தை வேற வச்சீங்களேம்மா!"